மது வாசனை இல்லை

முள்ளோடையில் மோதினது.
வேன் நின்ற இடம் தமிழ்நாடு,
டயர் இழுத்த கறுப்புக் கோடு புதுச்சேரி.
ரெட்டிச்சாவடிக்காரர் டார்ச் அடித்துப் பார்த்து
"இது கிருமாம்பாக்கம் சார்" என்றாராம்.
கிருமாம்பாக்கத்துக்காரர் கோட்டைக் காலடியால் அளந்து
"வண்டி உங்க பக்கம்ல நிக்குது."
நடுவில் தெய்வசிகாமணி, என் வீட்டுக்காரர்,
கல்யாண அண்டாக்களுக்கு அடியில்
எந்த மாநிலத்திலும் சேராமல்
நாற்பது நிமிஷம்.

லாரிக்கு இன்சூரன்ஸ் இருந்தது.
அதை எல்லாரும் அதிர்ஷ்டம் என்றார்கள்.

எஃப்.ஐ.ஆர். நகல், ஏ.ஆர். காப்பி,
ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி,
பில் தராத ஆட்டோக்களுக்காக ஒரு வெள்ளைத்தாள்,
எல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில்.
மஞ்சக்குப்பத்துக்கு நடந்தது மூன்றரை வருஷம்.
ஒவ்வொரு வாய்தாவுக்கும் குமாஸ்தா பாவாடைராயன்
"அடுத்த தடவை முடிஞ்சிரும்க்கா" என்பார்.
அதற்குள் அவருக்கு இரண்டு பெண்குழந்தைகள் பிறந்துவிட்டன.

கை கூடிவிட்டது. விலா கூடிவிட்டது.
தையல் போட்ட மண்டையில் முடிகூட முளைத்துவிட்டது.
வாசனை மட்டும் திரும்பவில்லை.
சமையல் மாஸ்டருக்கு.
ஆயிரம் இலைச் சாம்பாரை நாக்கில் வைக்காமல்
ஆவியில் ஒருதரம் முகத்தைக் காட்டிவிட்டு
"இன்னும் ஒரு கை உப்பு" என்கிறவருக்கு.

மெடிக்கல் போர்டு
கையைத் தூக்கச் சொன்னது, இறக்கச் சொன்னது.
தோளுக்குப் பன்னிரண்டு சதவீதம்.
மூக்குக்குள் லைட் அடித்துப் பார்த்து
நல்லா சுத்தமா இருக்கு என்றார்கள்.

"புதுச்சேரியிலேருந்துதானே வந்தீங்க?"
கம்பெனி வக்கீல்.
ஆமாம்.
"கல்யாண வீடு?"
ஆமாம்.
"ராத்திரி மூணு மணி?"
அவ்வளவுதான் கேட்டார்.
மிச்சத்தைக் கோர்ட்டே நினைத்துக்கொள்ளட்டும் என்று
உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் வக்கீலம்மா எழுந்து
ஏ.ஆர். காப்பியில் ஏழாவது வரியைப் படித்தார்:
மூச்சில் மது வாசனை இல்லை.

யாரோ ஒரு பயிற்சி டாக்டர்,
விடிவதற்கு முன், தூக்கக் கலக்கத்தில்,
ரத்தமும் ரசமும் ஊறிக் கிடந்த ஆளின் மேல் குனிந்து
மோந்து பார்த்து எழுதியிருக்கிறார்.
அந்த மூக்கை யாரும் சந்தேகப்படவில்லை.
போர்டு இல்லை, சதவீதம் இல்லை,
மனுதாரர் தரப்புச் சான்றாவணம் நான்கு.

"வாசனை தெரியலைங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"
என்றபோது இவர் தலையைக் குனிந்துகொண்டார்.
என்னைக் கேட்டிருக்கலாம்.
போன ஐப்பசியில் ரேஷன் கடையிலிருந்து நான் வர
பால் கரியாகி வீடு முழுக்கப் புகை.
அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து
வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.
கண்ணில் தண்ணீர். அது வெங்காயத்துக்கு.
என்னைக் கூண்டில் ஏற்றி அவர்கள் கேட்டது
மாத வருமானம் மட்டும்.
ஆடியில் எவ்வளவு, தையில் எவ்வளவு என்றேன்.
"சராசரியா சொல்லும்மா."

லோக் அதாலத்தில் தொகை சொன்னார்கள்.
கால் பங்கு இவர் தப்பாம், கழித்துக்கொண்டார்கள்.
தாளை நான் வாசித்துக் காட்டினேன்.
"எவ்ளோ திருப்தின்னு போட்டிருக்கு?"
முழுத் திருப்தி.
"சரி" என்று பேனாவை வாங்கினார்.

சிதம்பரம் பஸ்.
பச்சையாங்குப்பம் தாண்டினதும்
வழக்கம்போல முந்தானைகள் மூக்குக்கு ஏறின.
ஷட்டரை இறக்கச் சொல்லிப் பின்னால் கத்தினார்கள்.
ஜன்னலோரம் இவர், முகத்தில் காற்று.
என்னைப் பார்த்து "எப்படி இருக்கு?" என்றார்.
அழுகின முட்டை, அதில் நகப்பாலிஷ், சூடாக, என்றேன்.
கண்ணை மூடிக்கொண்டார்,
அண்டாவுக்கு முன் நிற்கிற மாதிரி.

"ஒரு கை கூடிப்போச்சு" என்றார்.