கீழ்த்தாடை, இடப்பக்கம், ஆறாவது

காளவாசல் பைபாஸ் ரோட்டில்
மூன்றாம் மாடிப் பல் லேபில்
ராத்திரி எட்டு மணிக்குமேல்
ரெசின் பிரிண்டர் ஒரு தட்டு ஓட்டும்.
வெள்ளிக்கிழமை அதில்
உசிலம்பட்டி மேல்தாடை ஒன்று,
திருமங்கலத்துக் கீழ்த்தாடை ஒன்று,
நடுவே மிஞ்சிய தீப்பெட்டி அளவு இடத்தில்
என் பூதம்.

முதலாளிக்குத் தெரியும்.
ரெசினுக்கு எண்பது ரூபாய் பிடித்துக்கொள்வார்.
"இது எந்தப் பேஷன்ட்டும்மா?" என்று
ஒரு தடவை கேட்டார். அதோடு சரி.

ஸ்பிரிட்டில் குளிப்பாட்டி
ஊதா வெளிச்சத்தில் இறுக்கி
முதுகில் குத்தியிருந்த முட்டுக்கால்களை நறுக்கி
இருமல் மருந்து மூடிமேல் ஒட்டி நிறுத்தினேன்.
கட்டைவிரல் உயரம்.
ஏழு கண், நாலு கை,
ஒரு வாய். மற்றதெல்லாம்
அந்த வாயைத் தூக்கித் திரியத்தான்.

வில்லாபுரம் வீட்டில் மே மாதம்
ஃபேன் போட்டால் பெயின்ட் காயும்,
போடாவிட்டால் நான் காய்வேன்.
டிபன் பாக்ஸில் நனைந்த ஸ்பான்ச்,
அதன்மேல் பட்டர் பேப்பர்,
அதன்மேல் மூன்று துளிப் பச்சை.

தோலுக்கு வைகைப் பச்சை.
தண்ணீர் ஓடும்போது இருப்பதில்லை அது;
ஓடாதபோது
யானைக்கல் தரைப்பாலத்தடியில் தேங்கி நிற்குமே, அந்தப் பச்சை.
மடிப்புகளில் நீர்த்த கறுப்பை ஓடவிட்டேன்.
மேடுகளைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுப்பினேன்.
கண்கள் முடிய மணி ஒன்று.
ஆறு என்னைப் பார்த்தன.
ஏழாவது ஒன்றரைக் கண்ணாகிவிட்டது. விட்டுவிட்டேன்.

பிறகு பல்.
அங்கேதான் கை என்னைக் கேட்காமல் வேலை பார்த்தது.
பதினொரு வருஷமாகப் பீங்கான் பல்லுக்கு
நிறம் ஏற்றுகிற கை.
ஈறோரம் தேன் சாயல்,
நுனியில் லேசாக நீலம் ஊறிய கண்ணாடி.
தள்ளி வைத்துப் பார்க்கிறேன்:
முகூர்த்தத்துக்கு முன்னால்
பல் சீர்செய்துகொண்ட மாப்பிள்ளை மாதிரிச்
சிரிக்கிறது பூதம்.

யார் பயப்படுவார்கள்?

கெடுத்தேன்.
வெற்றிலைக் காவி ஒரு பூச்சு,
முன்பல்லில் விரிசல்,
கீழே இடப்பக்கம் ஆறாவதில்
பிரஷ்ஷின் ஒற்றை மயிரால் ஒரு கரும்புள்ளி.
சொத்தை.
காரணமெல்லாம் இல்லை.
ஊரில் பாதிப்பேருக்கு அந்தப் பல்லில்தான் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை, தெற்கு மாசி வீதி.
கீழே துளசிராமின் அப்பா கடை,
மாடியில் சேலைக் கட்டுகளுக்கு நடுவே
சாக்பீஸில் வரைந்த சதுப்பு நிலம்.
நாகஜோதி வில்லாளி, பேங்க்கில் கேஷியர்.
ஜைனுல் வாள்வீரன், மருந்துக் கம்பெனி ரெப்.
துளசிராம் வைத்தியச் சாமியார்;
எப்போதும் முதலில் சாகிறவன்.

மூன்று வாரமாக ஊர் ஊராய் ஆடு தின்ற பூதம்.
இன்றைக்கு முடித்துவிடுவது என்று வந்திருந்தார்கள்.
ஜைனுல் உட்காருவதற்குள் பகடையைக் குலுக்க ஆரம்பித்தான்.

துளசிராம் மட்டும்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தான்.
"ஏப்பா, இதுக்குக் கடவாப்பல்லு சொத்தைப்பா."
"அதான் ராத்திரியெல்லாம் கத்துதா?" என்றாள் நாகஜோதி.

நான் வாயைத் திறக்கவில்லை.
என் நோட்டில் இருந்தது இவ்வளவுதான்:
உயிர் தொண்ணூறு. நெருப்பென்றால் ஆகாது.

"வெட்ட வேணாம். பிடுங்குறேன்."
இருபது முகப் பகடை
சேலைக் கட்டில் முட்டிச் சுவரில் திரும்பி
பதினேழில் நின்றது.

வேறென்ன செய்ய?
ஏழு கண்ணிலும் தண்ணீர் வந்தது என்றேன்.
ஒன்றரைக் கண்ணில் கொஞ்சம் தாமதமாக.
ஜைனுலுக்குத்தான் தாங்கவில்லை.
வாளை உறையில் போடுவதற்கும் பகடை போட்டான்.
ஒன்று விழுந்தது.
சொந்த விரலை வெட்டிக்கொண்டான்.

லேபில் பல் அனுப்புகிற டப்பாவில்
பஞ்சு வைத்துப் பூதத்தைப் படுக்கவைத்தேன்.
மூடியில் லேபிள்: பேஷன்ட் பெயர், கோடு, காலி.
சாகப்போகிறதற்கு எதற்கென்று
பெயரே வைத்திருக்கவில்லை.

தெற்குவாசல் பாலம் ஏறி இறங்கும்வரை
ஒன்றும் தோன்றவில்லை.
பிடுங்கின இடத்துக்கு ஈறுச் சிவப்பு கலக்க வேண்டும்.
வலி போன பிறகு
அது ஆடு தின்னுமா, தின்னாதா,
அதையும் நான்தான் முடிவு செய்ய வேண்டும்,
அடுத்த ஞாயிற்றுக்குள்.