இரண்டு மீதி

காசிமேட்டு ஐஸ் கம்பெனிக்கு
நான் எழுதிக் கொடுத்த கணக்கு
செவ்வாய் விடியலில் உளறியது.
எட்டியப்பன் படகின் பழைய பாக்கி
நாற்பத்தோராயிரம்
எழுநூற்றுப் பத்தாய்ச் சுருங்கிக் கிடந்தது.
எட்டியப்பன் வாயே திறக்கவில்லை.
சொன்னது கிளார்க் மகிமைநாதன்தான்,
போனில், மூச்சிரைக்க,
பின்னால் ஐஸ் அரைக்கும் சத்தம்.

கொருக்குப்பேட்டையில் கேட் போட்டிருந்தார்கள்.
ஆட்டோவுக்குள்ளேயே லேப்டாப்பைத் திறந்தேன்.
எண்ணெய் வேகன்கள் ஒவ்வொன்றாய் நகர
நான் அடைப்புக்குறிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பங்கு பிரிக்க ஒரு மேக்ரோ.
டீசல் போக, ஐஸ் போக மிஞ்சுவதைப்
பிடித்துவைக்க அதனுள் ஒரு பெயர்: மீதி.
மகிமைநாதன் தன் நாலு வரியில்
பழைய பாக்கிக்கு வைத்த பெயரும் மீதி.
மேக்ரோ கணக்குப் போடுவதில்லை,
எழுதித் தருகிறது.
அவர் எழுத்தைத் தன் எழுத்துக்குள் வாங்கி
ஒன்றாய்த் தைத்துவிடுகிறது.
விரித்துப் பார்த்தேன்.
உள்ளே பிறந்த மீதி
வெளியே இருந்த மீதியை மறைத்து நிற்கிறது.
திருட்டில்லை.
பெயர் ஒன்று, அவ்வளவுதான்.

எங்கள் சந்தில் மூன்று தேசப்பன்.
சிலிண்டர் போடுகிறவன் இதனால்
ஒருமுறை அடிகூட வாங்கினான்.
அப்புறம்தான் சந்து பிரித்தது:
லாரி தேசப்பன், சோடா தேசப்பன்.
மூன்றாமவரை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்பதை
இங்கே எழுத முடியாது.
அந்தப் பெயர் வேறெவருக்கும் வராது,
அது போதும்.

அப்படியொன்று எனக்கும் வேண்டுமென்றேன் மெஷினிடம்.
ஜி நானூற்றுப் பதினேழு என்றது.
எந்த அம்மாவும் தெருமுனையில் நின்று
சாப்பிடக் கூப்பிடாத பெயர்.
அடைப்பு திறக்கையில் பிறந்து
மூடுகையில் போய்ச்சேரும்.
எட்டியப்பனுக்குக் கடன் திரும்பி வந்தது.
(இன்னும் என்னைப் பார்த்தால் முறைக்கிறார்.)

புதன்கிழமை நேரில் போயிருந்தேன்.
ஐஸ் பாரைக் காலால் அணைத்துக் குனிந்தபடி
மகிமைநாதன் திரும்பாமலே சொன்னார்:
"அத்த எட்தாடா."
எத்த என்று பையன் கேட்கவில்லை.
சுவரில் தொங்கிய கொக்கியை எடுத்து
பின்னால் நீண்ட கையில் வைத்தான்.

சுத்தமான மேக்ரோவில் இது நடக்காது.
உள்ளே வைத்த பெயர் உள்ளேயே இருக்கும்,
வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும்
ஏனென்று கேட்காது.

ராத்திரி உட்கார்ந்து
எல்லாப் பெயருக்கும் தாழ்ப்பாள் போட்டேன்.
ஒன்றைத் தவிர. தெரிந்தேதான் விட்டேன்:
அது.
பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதினேன்,
தப்பில்லை, திருத்தாதே என்று.