ஒரு மணி பதினேழாம் நிமிடம்

கல்யாணப் பத்திரிகைகளில் பிழை பார்ப்பது என் வேலை.
பாளையங்கோட்டை அச்சகத்தில் பதினோரு வருஷம்.
சுபயோகத்தில் ஒரு கால் விட்டுப்போனாலும்
ராத்திரி தூக்கத்தில் அந்தக் கால் வந்து உதைக்கும்.
அதனால்தான்
அரசியின் வெட்டுக்காயம்
இடது புருவத்திலிருந்து வலதுக்குத் தாவியபோது
மைமூனை முழங்கையால் இடித்தேன்.

அவள் எனக்கு முன்பே எண்ணத் தொடங்கியிருந்தாள்.
விருந்தில் பாதி கடித்த மாதுளை
மறு நொடி முழுசாகிறது.
மழையில் ஊறிய குதிரை
கோட்டைக்குள் உலர்ந்தே நுழைகிறது.
"நாவல்ல குதிரையே கெடயாது" என்றான் தளவாய்.
ஆயிரத்து நானூறு பக்கத்தையும் நாலு தடவை படித்தவன்.
"நாவல்ல யாளி. பட்ஜெட்ல குதிரை."

இரண்டாம் ஆட்டம் விட்டு
வண்ணார்பேட்டை டீக்கடையில் நின்றோம்.
பைபாஸில் லாரிகள் போகும்போதெல்லாம்
பேச்சை நிறுத்திவைத்து மறுபடி எடுத்தோம்.

பெரிய சண்டை ஆற்றுக்குத்தான்.
படை கடலுக்குப் போகிறது, ஆற்றங்கரையோடு.
ஆறு நம்ம ஆறு,
சேரன்மாதேவிக்கு மேலே எடுத்தது,
மருத மரத்தைப் பார்த்தாலே தெரியும்.
ஆனால் படைக்கு எதிரே மலை நிற்கிறது.
பொதிகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டல்லவா
கடலுக்குப் போகவேண்டும்?

"அது கற்பனை நாடு.
அங்க மலை கிழக்க இருந்துட்டுப் போகுது" என்றான் தளவாய்.
"மலை எங்கயும் இருக்கட்டும்.
தண்ணி எதுக்க வருதே,
கடல் என்ன மேட்டுலயா கெடக்கு?" என்றாள் மைமூன்.
டீ மாஸ்டர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டு
தளவாயின் வாயைப் பார்த்தார்.
தளவாய் பன்னைக் கடித்தான்.

அப்போதுதான் சொரிமுத்து கேட்டான்:
"என்னிய மட்டும் ஒருத்தரும் சொல்லலியே?"

கூட்டத்தில் நிற்க ஆள் பிடித்தபோது
அம்பையிலிருந்து லாரி ஏறிப்போனவன்.
பதினோரு நாள் ஒட்டுத்தாடி.
ஒரு மணி பதினேழாம் நிமிடம்
நெஞ்சில் அம்பு வாங்கி விழுகிறான்,
சொன்னதைவிட ரெண்டு உருள் கூடுதலாக.
பத்தொன்பதாம் நிமிடம்
அரசியின் பல்லக்குக்குப் பக்கத்தில்
வேல் பிடித்து நின்று
கழுத்தைச் சொறிகிறான்.

"இது பிழை இல்ல" என்று தளவாய் துள்ளினான்.
"ரெண்டாம் பாகத்துல வருது.
ஆத்து மணல்ல செத்தவன்
மூணு விடியல் வரைக்கும் நடமாடுவான்."
"செத்து எந்திச்சவன் கழுத்தச் சொறிவானா?"
"கொசு, ஏளா" என்றான் சொரிமுத்து.

பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.
சும்மா நின்றால் ஐநூறு.
அம்பு பட்டுச் செத்தால் எண்ணூறு.
ஏஜெண்டு நோட்டில் அவன் எல்லா நாளும்
நின்றதாக மட்டுமே இருக்கிறது.

மாதுளையும் குதிரையும் எங்கள் மூவர் வாயிலும்
அப்படியே நின்றன.

கடிதம் நான் எழுதினேன்,
அச்சகத்தின் நல்ல தாளில்.
நொடி குறிக்கத் தளவாய் மறுபடி போனான்.
இடது தோள் கிழிந்த சட்டை,
விழும்போது கழன்ற ஒரு செருப்பு,
எல்லாம் மைமூன் சரிபார்த்தாள்.
மூன்று டிக்கெட் காசைக் கூட்டினால்
கேட்ட முந்நூறைத் தாண்டிவிட்டது.
யாரும் கூட்டவில்லை.

நாற்பது நாள் கழித்துப் பதில் வந்தது.
"மேற்படி நபர் ஒரு மணி பத்தொன்பதாம் நிமிடத்தில்
உயிருடன் காணப்படுவதால்
மரணத்துக்கான தொகை வழங்க இயலாது."

ரெண்டு தடவை படித்தேன்.
ஒற்று, கால், கொம்பு, எல்லாம் சரி.
ஒரு பிழை கிடைத்திருந்தாலும்
கொஞ்சம் ஆறியிருக்கும்.

சொரிமுத்து சிரித்ததில் டீ மூக்கில் ஏறிவிட்டது.
தும்மி, துடைத்து,
கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி கேட்டான்:
"அப்பம் செத்த பொறவு நின்னேம்லா,
அதுக்குத் தனியா ஐநூறு உண்டுமா?"

தளவாய் ரெண்டாம் பாகத்தைப்
பையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தான்.