இருநூறு கிராம்

தொண்ணூற்றொன்றில் பகாவ் ஆலை ஆபீசில்
டெர்மினல் எட்டு, உரிமம் ஐந்து பேருக்குத்தான்.
ஆறாவதாக வருபவர் தே ஓ குடித்தபடி
யாராவது வெளியேறக் காத்திருப்பார்.
எழுந்து போனவர்களோ வெளியேறாமலே போனார்கள்:
பசியாற, தொழுகைக்கு, தபாலாபீசுக்கு.
ரொஸ்னா பிள்ளை பெறவே போய்விட்டார்,
மூன்று நாள் அவர் பெயர்
பச்சையாய் எரிந்துகொண்டிருந்தது.

லியோங் சொன்னார்: சும்மா இருப்பவனை வெட்டிவிடு.

எழுதினேன், பதினோரு வரி.
நிமிடத்துக்கு ஒருமுறை கண்விழித்து
எல்லார் விரலையும் பார்த்துவரும்.
பன்னிரண்டு நிமிடம் ஒரு விசையும் அசையாவிட்டால்
ஒரு மணியோசை,
பிறகு இருட்டு.
நன்றாகத்தான் ஓடியது. தே ஓ செலவு குறைந்தது.

சம்பள வாரம். ரெங்கநாயகி திரையை விட்டுவிட்டு
மழையில் ஒட்டிப்போன செக்ரோல் தாள்களை
பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தார்.
மூன்றாம் டிவிசன், நாற்பத்தொரு பெயர்,
உதிரிப் பழம் பொறுக்கியவர்கள்.
கடைசித் தாள் பிரிந்து அவர் நிமிர்ந்தபோது
திரை அவரிடம் பெயர் கேட்டது,
நேற்று வேலைக்குச் சேர்ந்தவரிடம் கேட்பதுபோல்.
பாதி ஏற்றியிருந்தது போயிருந்தது.
திட்டவில்லை.
"நான் சும்மாவா இருந்தேன், தம்பி?"
விரல் நுனியெல்லாம் நீல மை.

பதினோரு வரியில்
அதற்குப் பதில் எங்கேயும் இல்லை.

அன்றிரவு பதிவேட்டைப் புரட்டினேன்.
எல்லாரும் வெட்டுப்பட்டிருந்தார்கள்,
எடைமேடைக் கிராணி சன்னாசியைத் தவிர.
ஒரு மாதமாய் ஒருமுறைகூட இல்லை.

விடியுமுன் போய்ப் பார்த்தேன்.
லோரி ஒன்றும் வந்திருக்கவில்லை.
நாற்காலியைச் சுவரில் சாய்த்து, வாய் திறந்து,
சன்னாசி நல்ல தூக்கம்.
விசைப்பலகையில் இடைவெளிப் பட்டையின் மேல்
எண்ணெய் லேப்பிலிருந்து வந்த பித்தளைக் கல்,
இருநூறு கிராம்.
ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று
அது தட்டிக்கொண்டே இருந்தது.
என் கணக்கில்
அந்த ஆலையிலேயே ஓயாத உழைப்பாளி.

வெளியே ஹாரன். சன்னாசி விழித்தார்,
என்னைப் பார்த்தார்,
கல்லை மெல்ல எடுத்து மேசையில் வைத்தார்,
லோரி எண்ணைக் கேட்டார்.
நானும் கேட்க வந்ததைக் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் லேப்பில் நின்று
இன்னொரு கல் கிடைக்குமா என்று விசாரித்தேன்,
ரெங்கநாயகிக்கு.