ஏழாவது இடம்

பெரிய க
என்று முதல் வரி நின்றுவிட்டது.
அடுத்த வரியில் ஒரு புள்ளி வட்டம்,
அதற்கு இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால்,
பிறகு டுவா.
கடலூர் முதுநகர்த் துறைமுகம், ஐஸ் ஷெட், எடைமேசை,
விடிகாலை நாலே முக்காலுக்கு
நான் கிழித்துக் கொடுத்த ரசீது.

சோனங்குப்பத்து அஞ்சலாட்சி விளக்கில் பிடித்துப் பார்த்தாள்.
"மீனை வெட்டச் சொன்னா
பேரை வெட்டி வச்சிருக்கியே மெகரு!"

பேனாவால் திருத்தினேன்.
அன்று மட்டும் முப்பத்தொரு ரசீது.

இரவில், தம்பி கைவிட்ட லேப்டாப்பில்
அந்த பில் மென்பொருளின் பெயரைத் தேடினேன்.
சம்பளம் வாங்காதவர்கள் எழுதியதாம்.
எழுதியது முழுக்கத் திறந்தே கிடந்தது,
ஏலத்துக்குக் கொட்டிய மீன்போல.
யாரும் குனிந்து செவுளைத் தூக்கிப் பார்க்கலாம்.

பதினோரு இரவு குனிந்தேன்.
நான் படித்தது அஞ்சல் வழி பி.காம்.
நிரல், பாதி வீடியோ, பாதி குருட்டுத் துணிச்சல்.
புதியவர் கையேட்டை மூன்று முறை படித்தேன்.
"தயங்காமல் கேளுங்கள்" என்ற வரியில்
மூன்று முறையும் தயங்கினேன்.

பன்னிரண்டாம் இரவு பிடிபட்டது.
மீனின் பெயருக்கு ஏழு இடம்.
ப, கொம்பு, ர, மேல்விலங்கு, ய, ஓர் இடைவெளி, க.
ஏழு ஆயிற்று, வெட்டு.
எனக்கோ பெ, ரி, ய, இடைவெளி, கொ:
ஐந்துதான்.
மடியில் கிடக்கும் பிள்ளைக்கும் டிக்கெட் கேட்கிற
கண்டக்டர்போல எண்ணியிருக்கிறது அது.

திருத்தம் ஒரே வரி.
அதை அனுப்புவதற்குப் பெயர் இழு கோரிக்கையாம்.
எங்கள் கரையில் இழுவை என்றால்
படகு, மடி, டீசல் கடன்.
அங்கே அது ஒரு பணிவு:
பிடித்திருந்தால் உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போயிற்று.
பேட்டரி பதினான்கு. மொபைலில் ஒரு கோடு சிக்னல்.
என் பெயர் போட வேண்டிய இடத்தில் விரல் நின்றது.
தமிழிலேயே போட்டேன்.
மெகருன்னிசா.
அழுத்திவிட்டு, ஏதோ திருடிவிட்டவள்போல
மூடியை மூடினேன்.

மூன்று நாள் ஒன்றுமில்லை.
நாலாம் நாள், தாலினிலிருந்து யோஹான்னா:
"வரியின் கடைசியில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. எடுத்துவிடுங்கள்."
கண்ணுக்கே தெரியாத ஒன்றை
அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள்.
முகம் சூடேறியது. எடுத்தேன்.
"சோதனை எங்கே?"
வெட்டிப் பார்க்கத் தமிழ்ச் சொற்கள் வேண்டுமாம்.
யோசிக்கவே இல்லை:
பெரிய கொடுவா. காய்ந்த நெத்திலி.
பொடிப் பொருவா. கோலா.

"இவை என்ன?"
மீன்கள் என்றேன்.
"எல்லாமா?"
எல்லாம்தான்.
"கோலாகூடவா?"
கோலா பறக்கும் என்றேன்.
நெடுநேரம் பதில் இல்லை.
பிறகு ஒரு பச்சைக் குறி,
அடியில்: "இணைத்துவிட்டேன். நன்றி, மெகருன்னிசா."
மெ உடையாமல் இருந்தது.
முதலில் அதைத்தான் பார்த்தேன்.

இனி எந்த ஊரில் எவர்
அந்த நிரலில் ஒரு கமாவைத் தொட்டாலும்
என் கொடுவா ஒருமுறை தட்டில் ஏறி இறங்கும்.
தேறினால்தான் மேலே விடுவார்கள்.

இதைக் கலியபெருமாள் முதலாளியிடம் சொன்னேன்.
"சரி, நம்ம மெஷின்ல எப்ப வரும்?"
புதிய பதிப்பு வர வேண்டும், வந்தபின் ஏற்ற வேண்டும்.
"சீசன் முடியட்டும். இப்ப கை வைக்காத."

மறுநாள் நாலே முக்கால்.
பெரிய க.
புள்ளி வட்டம்.
அஞ்சலாட்சி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.
பேனாவைத் தேடுகிறேன்,
சிரிப்பு வருகிறது,
ஐஸ் தண்ணீரில் நனைந்த விரலுக்கு
மூடி கழல மாட்டேன் என்கிறது.