இருநூறு மீட்டர்

புதுவயல் அரிசி ஆலைகளைத் தாண்டி
கண்டனூர் வரும் முன்
சாலையின் நிறம் கொஞ்சம் மாறும்.
பேருந்தில் போனால் தெரியாது.
சைக்கிளில், ஒருவேளை.
மழை விட்ட மறுநாள் நடந்து போனால்
கறுப்புக்குள் ஒரு காப்பிக்கொட்டை நிறம்.

அந்த இருநூறு மீட்டருக்கு
வெப்பமானி பிடித்தவள் நான்.

மூட்டையில் வந்தது வைக்கோல் தூள்.
தூள் என்றால் தூள் இல்லை;
வைக்கோலை வேகவைத்துப் பிழிந்து
நாரை எவனோ எடுத்துக்கொண்ட பின்
மிஞ்சிக் காய்ந்த பசை.
லிக்னின் என்று மூட்டையில் அச்சடித்திருந்தது.
நெற்பயிரை நிமிர்த்தி நிறுத்தியது இதுதான் என்றேன்.
"நின்னது போதும்னு இப்பப் படுக்கப் போடுறீகளாக்கும்"
என்றார் ரோலர் ஓட்டும் சீமைச்சாமி.

ஐந்தில் ஒரு பங்கு தாரைக் குறைத்தோம்.
பழைய சாலையைச் சுரண்டி எடுத்த சல்லிக்கு
இளக்கம் கொடுக்க எண்ணெய் வேண்டும்.
அதற்குத்தான் பள்ளத்தூர்க் கல்யாணங்கள்.
சமையல் மாஸ்டர் சேவுகன்
டின் டின்னாய் அனுப்பிவைத்தார்:
சீயம் பொரித்தது, தேன்குழல் பிழிந்தது,
மூன்றாம் நாள் பந்தியில் கறுத்துப்போன கடலை எண்ணெய்.
ஒரு டின்னில் கறிவேப்பிலை மிதந்தது.
வடிகட்டினேன், காய்ச்சினேன், நீரைப் போக்கினேன்.
போக்கினேன் என்றுதான் நினைத்தேன்.

ஒப்பந்தக்காரர் வயிரவன் சிரித்தார்:
"எங்க வீட்டுச் சுவருக்கு முட்டை அடிச்சு ஊத்துனாக,
நீங்க ரோட்டையே தாளிச்சு விடுறீக.
பில்லு பாஸானாச் சரி தாயி."

சித்திரை வெயில்.
தார்க் கலவைக்கு நூற்றறுபது டிகிரி வேண்டும்.
இதற்கு நூற்று முப்பத்தைந்து போதும்.
இருபத்தைந்து டிகிரி என்பது
என் நோட்டில் ஒரு கழித்தல் கணக்கு.
பாக்கியமேரிக்கு அது வேறு.
வாரியால் கலவையை இழுத்துக்கொண்டிருந்தவள்
மூக்கைச் சுற்றிக் கட்டிய துண்டை
பதினொரு மணிக்கு அவிழ்த்தாள்.
தார் வேலைக்கு வந்து பன்னிரண்டு வருஷம்;
வேலை நேரத்தில் அவள் வாய் எப்படியிருக்கும் என்று
அன்றுதான் பார்த்தோம்.
"கண்ணு எரியலையே, இதை எங்க எழுதுவ?" என்றாள்.

ஊடுருவல் ஆழம், இளகும் வெப்பம்,
நிலைப்பு, பாய்வு, அடர்த்தி.
படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் கையெழுத்துக்கு மட்டும் இடம்.

அன்று இரவு எறும்புகள் வந்தன.
வரிசையாய் வந்து, ஓரத்தில் நின்று,
யோசித்துவிட்டுத் திரும்பின.
நாய் ஒன்று நக்கிப் பார்த்தது என்று
காவலாளி சத்தியம் செய்தார்.

பிறகு ஐப்பசி. மழை, நெல் லாரிகள்.
எந்த லாரியும் ஏற்ற வேண்டிய அளவு ஏற்றுவதில்லை.
நூற்று நாற்பதாவது மீட்டரில்
இடது சக்கரத் தடம் குழிந்திருந்தது.
இரும்புப் பட்டியைக் குறுக்கே கிடத்தி
அடியில் அளவுகோல் செருகினேன்.
பதினொரு மில்லிமீட்டர்.
மற்ற இடங்களில் மூன்று, நான்கு.
பக்கத்திலுள்ள வெறும் தார்ச்சாலையில் ஆறு.

எந்த டின் என்று எனக்குத் தெரியும்.
கறிவேப்பிலை டின்னுக்கு அடுத்தது.
வெயில் ஏறுமுன் முடிக்கும் அவசரத்தில்
நுரை அடங்குமுன்னே இறக்கினேன்.

"சராசரியப் போடுங்க, சராசரிய" என்றார் வயிரவன்.
சராசரி நன்றாகத்தான் இருந்தது.
சராசரியில் எந்தச் சைக்கிள்காரனும்
வேட்டியில் சேறு வாங்குவதில்லை.

பதினொன்று என்றே எழுதினேன்.
தேதி, தடம், டின் எண்.
தப்பு வைக்கோலில் இல்லை, நுரையில்,
அதாவது என்னில்.
இதற்கும் கட்டம் கிடையாது;
அடியில் கோடு போட்டு, குறிப்பு ஒன்று என்று சேர்த்தேன்.
கோடு போட்ட கையோடு குறிப்பு இரண்டு:
காலை மணி 11.00.
தொழிலாளி பாக்கியமேரி முகத்துணியை அவிழ்த்தார்.

மேலிடத்திலிருந்து படிவம் திரும்பி வந்தது.
முதல் குறிப்புக்கு விளக்கம் கேட்டிருந்தார்கள்.
மூன்று பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன்.
இரண்டாவதைச் சிவப்பு மையில் சுழித்து
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான்.

அதற்குப் பதில் எழுத
இன்னும் இருநூறு மீட்டர் கேட்டிருக்கிறேன்.