நகல் என்று சந்தேகம்

காலையில் முதல் புகார்
ரொட்டிக்கடை ஒப்ரேக்கேயிடமிருந்து:
"என் கடை கனடாவில் இருக்கிறதாம்,
என் மச்சான் சொல்கிறான்."

வரைபடத்தைத் திறந்தேன். உண்மைதான்.
கியூபெக்கின் வடகாட்டில்
சாலையே இல்லாத ஓர் ஏரிக்கரையில்
காலை ஆறு முதல் இரவு எட்டு வரை
அவர் ரொட்டி சுடுகிறார்.
ஞாயிறு விடுமுறை.

ஐம்பத்து மூன்றுக்கு முன்னால்
ஒரு சின்னக் கோடு விட்டுப்போயிருக்கிறது.
புந்தா அரேனாஸில் எல்லா முகவரியும்
கழித்தல் குறியில்தான் தொடங்கும்,
அதுவும் இரண்டு.
இரண்டையும் மறந்த பூட்டுக்காரர் ஒருவர்
கஜகஸ்தான் புல்வெளியில்
இருபத்து நான்கு மணி நேரமும் விழித்திருக்கிறார்.
அழைத்தால் பத்து நிமிடத்தில் வருவாராம்.

இருவரையும் ஊருக்குக் கூட்டிவந்தேன்.

அடுத்து, பல் மருத்துவர் பெஸ்கதோர்.
பெயருக்கு மீனவன் என்று பொருள்.
அதை நம்பி இயந்திரம் அவரை
மீன்பிடிப் பிரிவில் தள்ளிவிட்டது.
மூன்று மாதமாக
நண்டு கிலோ என்ன விலை என்று கேட்கிறார்களாம்.
முதலில் கோபப்பட்டாராம்,
இப்போது விலை தெரிந்து வைத்திருக்கிறார்.

வெளியே காற்று.
சதுக்கத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி
ஒருவர் பின் ஒருவராக நடக்கிறார்கள்.
திரையில் சிவப்பு எழுத்து:
நகல் என்று சந்தேகம், நாற்பத்தொன்று.

முப்பத்தொன்பது சுலபம்.
ஒரே டயர் கடை மூன்று எழுத்துப்பிழைகளில்.
மூடிப்போன சலவைக்கடை
பழைய விலையோடு இன்னும் திறந்து கிடந்தது.
அதன் எண்ணைச் சுழற்றிப் பார்த்தேன்,
யாரோ ஒரு பையன் எடுத்து, இல்லை என்று வைத்தான்.

நாற்பதும் நாற்பத்தொன்றும்
த்ராகிசேவிச் கம்பளி நூல்,
த்ராகிசேவிச் நூல் கம்பளி.
ஒரே தெரு, ஒரே கதவிலக்கம், ஒரே தொலைபேசி.
இதிலென்ன யோசனை?
'இணை' என்ற பொத்தானை அழுத்திவிட்டு
சாப்பிடப் போனேன்.

மறுநாள் ஒன்பது மணிக்கு நெவென்கா வந்தார்.
ஒன்பதே காலுக்கு ஸ்லாத்கா,
எதிர்ச்சாரியில் நின்று
அக்கா வெளியேறும்வரை காத்திருந்து.
இருவரும் ஒரே கேள்வி கேட்டார்கள்:
"எங்களைச் சேர்த்து வைக்க நீ யார், யாஸ்னா?"

போய்ப் பார்த்தேன்.
கடை நடுவே தரை முதல் கூரை வரை
ஒட்டுப்பலகைத் தடுப்பு.
இடப்பக்கம் வண்ண நூல்கள்,
வலப்பக்கம் சாம்பலும் கறுப்பும் பழுப்பும்.
ஏன் பிரிந்தார்கள் என்று
இருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
பலகையில் சதுரமாக ஓர் ஓட்டை.
அதில் ஒரு தொலைபேசி,
இரண்டு பக்கத்திலிருந்தும் கைக்கு எட்டும்படி.
மூன்று மணிக்குள் எடுத்தால் அக்கா,
அதற்கு மேல் ஒலித்தால் தங்கை.
எழுதாத ஒப்பந்தம்.

அலுவலகம் திரும்பி, பிரித்தேன்.
இயந்திரம் ஒப்பவில்லை.
இந்த எண் ஏற்கெனவே பதிவாகியுள்ளது.
இடைவெளி விட்டுப் போட்டேன். பதிவாகியுள்ளது.
நடுவில் கோடு போட்டேன். பதிவாகியுள்ளது.
விதியை எழுதியவர்
சாந்தியாகோவில் விடுப்பில் இருக்கிறார்.
பதினோராவது முயற்சியில்
ஸ்லாத்காவின் எண்ணுக்கு முன்னால்
நாட்டுக் குறியீட்டைச் சேர்த்தேன்,
ஒரு கூட்டல் குறியோடு.
ஏற்றுக்கொண்டது.
ஒருத்தி உள்ளூர்க்காரி,
மற்றவள் வெளிநாட்டிலிருந்து அழைக்க வேண்டியவள்.
நடுவில் முக்கால் அங்குலப் பலகை.

திங்கள் இரவுதோறும் சோதனை ஓடும்.
மறுபடி அதே சிவப்பு வரும்.
'புறக்கணி' என்று அழுத்த வேண்டும்,
நாள்காட்டியில் குறித்துக்கொண்டேன்.

கடைசியாக, சரிபார்க்க
அந்த எண்ணை அழைத்தேன்.
இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.
சாம்பல் நூல் இருக்கிறதா என்றேன்.
"இருங்கள்."
ரிசீவரைக் கீழே வைக்கும் சத்தம்.
பிறகு,
பலகையை விரல் முட்டியால்
யாரோ இருமுறை தட்டும் சத்தம்.